ஒன்றாம் வகுப்பு டீச்சரா, பத்தாம் வகுப்பு மிஸ்ஸா: யாருக்கு வேலை அதிகம்?

கேள்வி இதுதான். தொடக்கக் கல்விப் பட்டயம், பி.எட். இரண்டையும் முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு தாள்களிலும் தேறிய ஒரு பெண் கேட்கிறார்: "இடைநிலை ஆசிரியர் வேலைக்குப் போவதா, பட்டதாரி ஆசிரியர் பணிக்குக் காத்திருப்பதா? சின்னப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வரலாம், அதுதான் சுலபம் என்கிறார் அப்பா. ஹைஸ்கூலில் பாதி நாள் ஓய்வுதான் என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி?"

இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தைக் காம்பவுண்டுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார்கள். நான் ஒன்பது வருடம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்தேன். அப்புறம் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு கிடைத்து நடுநிலைப் பள்ளியில் நான்கு வருடம். பிறகு அலகு விட்டு அலகு மாறுதல், அதாவது தொடக்கக் கல்வித் துறையிலிருந்து பள்ளிக் கல்வித் துறைக்கு மாறுதல், வாங்கி உயர்நிலைப் பள்ளிக்கு வந்து, இப்போது ஒன்பது, பத்தாம் வகுப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே "டீச்சர்", இங்கே "மிஸ்". இரண்டு பக்கமும் அடி வாங்கியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை வைத்துத்தான் சொல்கிறேன். தனியார் பள்ளிகளின் கணக்கே வேறு.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவருக்குப் பெயர் இடைநிலை ஆசிரியர். ஆறு முதல் பத்து வரை எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். வகுப்பைப் பார்த்து வைத்த பெயர்கள் இல்லை இவை; ஆசிரியர் என்ன படித்தார் என்பதைப் பார்த்து எந்தக் காலத்திலோ வைத்தவை. இன்றைக்கு ஒன்றாம் வகுப்பு எடுக்க வருகிறவர்களில் முதுகலை முடித்தவர்கள் எத்தனையோ பேர். பெயர் மட்டும் மாறவில்லை. பதவியின் பெயரில் படிப்பு மட்டும் இருந்து வேலை இல்லாமல் போனது பின்னால் சம்பளம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே வரும்போது பார்ப்போம்.

கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டினால் உங்கள் அப்பா சொல்வது சரி போலத்தான் தெரியும். ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர். தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது இரண்டு பேருக்கும் பொது. ஆக, நாளும் குறைவு, நேரமும் குறைவு, பிள்ளைகளும் குறைவு.

இந்தக் கணக்கில் விடுபட்டுப்போவது ஒன்று உண்டு. அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது அதே சட்டம். ஊரில் இருபத்து மூன்று பிள்ளைகள்தான் என்றால் தலைமை ஆசிரியர் ஒருவர், நீங்கள் ஒருவர். இருபத்து மூன்று பேர் என்றால் சுலபம்தானே என்று தோன்றும். அந்த இருபத்து மூன்று பேரும் ஐந்து வகுப்பு. நாலு பேர் ஒன்றாம் வகுப்பு, ஆறு பேர் இரண்டாம் வகுப்பு, மூன்று பேர் மூன்றாம் வகுப்பு என்று ஒரே அறையில் மூன்று பாயில் உட்கார்ந்திருப்பார்கள். நாலும் ஐந்தும் தலைமை ஆசிரியருக்கு. அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று கிளம்பினால் ஐந்தும் உங்களுக்கு.

ஒரு காலைப் பொழுதை மட்டும் காட்டுகிறேன், இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் சொல்கிறபடி. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பள்ளி சீக்கிரமே விழித்துவிடுகிறது. சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுவினர்தான். ஆனால் சின்னவனுக்கு ரவா கிச்சடியில் மிளகாய் மாட்டிக்கொண்டால் ஓடி வருவது டீச்சரிடம். பிரார்த்தனை முடிந்ததும் வருகைப் பதிவு. அதை நோட்டில் எழுதுவதோடு முடியாது, போனில் எமிஸ் என்ற கல்வித் துறைச் செயலியிலும் ஏற்ற வேண்டும். சிக்னல் கொடிக்கம்பத்துப் பக்கம்தான் கிடைக்கும். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சர் நிற்கிற நேரத்தில் உள்ளே ஒருத்தி இன்னொருத்தியின் பென்சிலை உடைத்திருப்பாள். பஞ்சாயத்து முடிவதற்குள் ஒன்றாம் வகுப்பில் ஒருவன் டிரவுசரை நனைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் அழுவான். அவனைக் கழுவி மாற்றுத்துணி போட்டுவிட்டுத் திரும்பினால், இரண்டாம் வகுப்புக்குக் கொடுத்த எழுத்து வேலை முடிந்து ஆறு பேரும் ஒரே குரலில் "டீச்சர், முடிச்சாச்சு!"

இது ஏதோ ஒரு மோசமான நாளின் கதை இல்லை. சாதாரண செவ்வாய்க்கிழமை.

அப்புறம் மதிய உணவு. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முட்டைக் கணக்கு பார்க்க வேண்டும். பிள்ளைகள் சாப்பிடும்போது கூடவே நிற்க வேண்டும். நாம் சாப்பிடுகிற நேரத்திலும் வாசலில் நாலு பேர் நம் டிபன் பாக்ஸைப் பார்த்தபடி நிற்பார்கள். ஒன்பது வருடத்தில் நிம்மதியாகச் சாப்பிட்ட மதியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கழிவறைக்குப் போகவும் நேரம் பார்க்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்ட ஆசிரியைகள் எனக்குத் தெரிந்தே பலர். சிறுநீர்த் தொற்று எங்களுக்குள் சளி, காய்ச்சல் போல. தொண்டை இன்னொன்று. ஜூன், ஜூலையில் குரல் கட்டிக்கொள்ளாத தொடக்கப் பள்ளி ஆசிரியை அபூர்வம்.

வேலை அதிகமா குறைவா என்பது எனக்கு அங்கே பிரச்சினையாகவே இல்லை. பிள்ளைகளை விட்டு நகர முடியாது, அதுதான். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை உங்கள் கண் அவர்கள் மேல் இருக்க வேண்டும். ஓய்வுப் பாடவேளை என்ற சொல்லே அந்த வளாகத்துக்குள் கிடையாது. நாளைக்கு எடுக்கப்போகும் பாடத்துக்கு அட்டை வெட்டுவது, படம் வரைவது, பாடக்குறிப்பு எழுதுவது எல்லாம் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான்.

இவ்வளவுக்கு நடுவில் நடக்கிற கற்பித்தல் இருக்கிறதே, அதை வெளியில் யாரும் பார்ப்பதில்லை. மூன்றாம் வகுப்பில் 52-இல் 17-ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பேர் 45 என்று எழுதுவார்கள். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து, ஐந்தில் ஒன்று போக நாலு. பிள்ளையைப் பொறுத்தவரை அது ரொம்ப நியாயம்: பெரியதிலிருந்துதானே சிறியதை எடுக்க முடியும்? "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுத்தால் நாளைக்கே வாங்கிவிடுவார்கள். எதற்காக வாங்குகிறோம் என்பது மட்டும் தெரியாது. நான் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி கொடு என்பேன். கையில் இரண்டுதானே இருக்கிறது? முழிப்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். யாராவது ஒருத்தி தானாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவுவாள். அந்த நிமிஷத்துக்காகக் காத்திருப்பதுதான் மூன்றாம் வகுப்புக் கணக்கு. சில பிள்ளைகளுக்கு அது முதல் நாளே வரும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் அதே அறையில் ஒன்றாம் வகுப்புக்கு "ட, ப, ம" ஓடிக்கொண்டிருக்கும்.

அரசும் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் முறைகளை மாற்றிப் பார்க்கிறது. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, அட்டைகள், சுவரில் தாழ்வாகக் கரும்பலகை. பிள்ளை தன் வேகத்தில் போகலாம் என்பது அதன் நல்ல பக்கம். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியர் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு பக்கம். கொரோனா விடுமுறைக்குப் பிறகு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வரை, அடுத்த ஆண்டு நாலு, ஐந்துக்கும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்க வேண்டும். எனக்கு அந்தத் திட்டத்தின் மேல் மரியாதை உண்டு. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை அரும்பிலிருந்து தொடங்கலாம் என்று அனுமதி கொடுத்ததே பெரிய விஷயம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஆசிரியரிடம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று நிலை. பாடத்தை எப்படி வகுத்தாலும் அந்த ஓர் ஆளின் வாய் ஒன்றுதான். அதோடு பிள்ளை பிள்ளையாக மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவது தனி வேலை. தங்கை ஒருத்தி இன்னும் தொடக்கப் பள்ளியில் இருக்கிறாள். "அக்கா, சொல்லிக்கொடுத்ததைப் பதியறதா, பதியறதுக்காகச் சொல்லிக்கொடுக்கறதான்னே தெரியலை" என்பாள்.

சரி, உயர்நிலைப் பள்ளிக்கு வருவோம். இங்கே வந்த முதல் வாரம் எனக்குச் சொர்க்கம் போல இருந்தது. பெரிய வளாகம், ஆசிரியர் அறை, என் பெயரில் ஒரு மேசை. மூன்றாவது பாடவேளை எனக்கு வகுப்பு இல்லை என்று அட்டவணையில் பார்த்தபோது என்ன செய்வதென்றே தெரியவில்லை. சும்மா உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

தோழி சொல்கிற ஓய்வு இதுதான். நாளுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு நாற்பது. எனக்கு இருபத்தெட்டு. மீதி பன்னிரண்டு. அதில் விடுப்பில் போனவர்களின் வகுப்புகள் நாலைந்து நம் தலையில் விழும். மிச்சம் இருப்பது நோட்டுக்கு.

நோட்டு என்றால் எவ்வளவு? நாலு பிரிவு, பிரிவுக்கு நாற்பது பேர், நூற்று அறுபது நோட்டு. ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்றாலே 480 நிமிஷம். முழுசாக எட்டு மணி நேரம். இது ஒரு தடவை வீட்டுப்பாடம் திருத்த. இதன் மேல் அலகுத் தேர்வு, இடைப்பருவம், காலாண்டு, அரையாண்டு, பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வுகள். கணிதத் தாளை மேலோட்டமாகத் திருத்தவும் முடியாது. விடை தவறாக இருந்தாலும் படிக்குப் படி மதிப்பெண் உண்டு. எந்தப் படியில் பிள்ளை வழுக்கியது என்று தேட வேண்டும். தொடக்கப் பள்ளியில் வேலை மாலை நாலு மணிக்கு உடம்பை விட்டு இறங்கிவிடும், தயாரிப்பு மட்டும்தான் வீட்டுக்கு வரும். இங்கே பள்ளிக்கூடமே பையில் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. என் மகன் சின்ன வயதில் வரைந்த வீட்டுப் படத்தில் அம்மா பக்கத்தில் ஒரு தாள் கட்டும் இருந்தது.

ஆனால் நோட்டுத் திருத்துவது பழகிவிடும். எனக்குப் பழகாதது வேறு. பிள்ளை நம் கையில் நிற்பதில்லை. நாற்பது நிமிஷம் பார்க்கிறோம், மணி அடிக்கிறது, அடுத்த நாற்பது பேர். தொடக்கப் பள்ளியில் இருபத்து மூன்று பேரின் வீடும் எனக்குத் தெரியும். யார் வீட்டில் அப்பா குடிப்பார், யாருக்குப் பாட்டிதான் தலை வாரிவிடுகிறாள் என்பதெல்லாம் அத்துப்படி. இங்கே அக்டோபர் வந்தும் சில முகங்களுக்குப் பெயர் வராது. "ஜன்னலோரம், மூணாவது பெஞ்ச்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், வெட்கமாக இருந்தாலும்.

கணக்கில் அது எப்படி அடிக்கிறது என்று சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு. காரணிப்படுத்தும் முறையெல்லாம் கரும்பலகையில் அழகாகப் போகும். நோட்டைத் திறந்தால் −3 −5 = +8 என்று இருக்கும். ஏன் என்று கேட்டால், "மைனஸும் மைனஸும் பிளஸ், மிஸ்" என்று தயங்காமல் பதில் வரும். பெருக்கலுக்கான விதியைக் கூட்டலுக்குப் போட்டுவிட்டான். எப்போதோ ஏழாம் வகுப்பில் விழுந்த ஓட்டை. இன்னும் தோண்டினால் அதே 52, 17 வரைக்கும் போகும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன், நிறுத்தி வைத்த பிள்ளைகளில் பலர் நின்றே போன காலத்தையும் பார்த்தவள் நான். ஆனால் அந்த ஓட்டையை யார் அடைப்பது? ரப்பர் பேண்டை உருவச் சொல்லிக் காத்திருக்க இங்கே மூன்று வாரம் கிடையாது. பாடத்திட்டம் துரத்துகிறது.

அதனால் நாங்கள் என்ன செய்கிறோம்? ஒளிக்காமல் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணிதத் தாள் நூறு மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் கேள்வி பதினாலு. எட்டு மதிப்பெண்ணில் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம். அந்த இரண்டும் சேர்ந்தாலே 16. வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, இரண்டு மூன்று வகை வரைபடம். இவற்றை மட்டும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை கை மரத்துப்போகும்வரை வரைய வைக்கிறோம். புத்தகப் பின்பக்கத்து ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடமாக்குகிறோம். நாலைந்து இரண்டு மதிப்பெண் சேர்ந்தால் பிள்ளை தப்பித்துக்கொள்ளும். −3 −5 எவ்வளவு என்று அவனுக்கு இன்னும் தெரியாது. ஆனால் தேர்ச்சி. எனக்கு இதில் பெருமை இல்லை. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு ஃபெயில் என்ற முத்திரையோடு ஏதாவது செங்கல் சூளைக்கோ பட்டறைக்கோ போயிருப்பான். அதனால் குற்ற உணர்ச்சியும் முழுசாக இல்லை.

தேர்வு முடிவு வந்ததும் மீளாய்வுக் கூட்டம். பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு திரையில் ஓடும். முப்பத்தெட்டுப் பேரில் மூன்று பேர் தவறினால் 92 விழுக்காடு. "ஏன் 92?" என்று எழுப்பி நிறுத்துவார்கள். ஒருமுறை என்னையும் நிறுத்தினார்கள். தவறிய மூவரில் ஒருத்தி ஜனவரியிலிருந்து பள்ளிக்கே வரவில்லை, வீட்டில் கல்யாணப் பேச்சு. நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசி, குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லி, கல்யாணம் நின்றது. அவள் தேர்வையும் எழுதினாள். கணக்கில் போய்விட்டது. அந்தக் கதையைச் சொல்ல வாய் திறந்தேன். "காரணம் வேண்டாம், அடுத்த வருடம் நூறு வேண்டும்" என்றார் அதிகாரி. உட்கார்ந்துவிட்டேன். அவள் துணைத் தேர்வில் தேறி இப்போது நர்சிங் படிக்கிறாள், அது அந்தத் திரையில் எங்கேயும் வராது.

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இந்த விழுக்காட்டு அவமானம் இல்லை. அங்கே வேறு மாதிரி. பார்வைக்கு வரும் அதிகாரி ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு "இதைப் படி" என்பார். நேற்றுவரை படித்த பிள்ளை புது முகத்தைப் பார்த்ததும் வாயைத் திறக்காது.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. சின்னப் பிள்ளை கோபம் வந்தால் கீழே விழுந்து புரளும், பத்து நிமிஷத்தில் மடியில் வந்து உட்காரும். பதினாலு வயதுக்காரன் ஒன்றும் சொல்ல மாட்டான், மனதில் வைத்துக்கொள்வான். போன், காதல், கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம், இரவு வேலைக்குப் போய்விட்டு முதல் பாடவேளையில் தூங்குவது எல்லாம் வகுப்புக்குள் வரும். சாதியும் வரும், கையில் கட்டிய கயிற்றின் நிறத்தில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும். அதற்குப் பிறகு நீதியரசர் சந்துரு குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அறிக்கையில் கயிறு, பொட்டு எல்லாம் பேசப்பட்டது. ஆனால் வகுப்புக்குள் நுழைந்து, யார் யாரோடு உட்காருவதில்லை என்பதைப் பார்த்து, அதைச் சத்தமில்லாமல் கலைத்து உட்கார வைப்பது பாட ஆசிரியரின் வேலை. அதற்குப் பாடவேளை ஒதுக்கீடு இல்லை. அடிக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவே சொல்கிறது, சரியாகவே சொல்கிறது. அடிக்காமல் ஒரு வகுப்பை எப்படிக் கட்டி நடத்துவது என்று பி.எட்.டில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகத் தடுக்கி விழுந்து கற்றுக்கொண்டதுதான்.

இரண்டு பக்கமும் பொதுவான சுமையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இது புதிய செய்தி இல்லை. எமிஸ். விலையில்லாப் புத்தகம், நோட்டு, சீருடை, காலணி, பை எல்லாவற்றையும் வாங்கி வந்து, எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிப் பதிவது. உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, ஆதார் பெயர்ப் பிழை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது சட்டத்தின் 27-ஆம் பிரிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மட்டும் விலக்கு. அந்த விலக்குக்குள்தான் வாக்காளர் பட்டியல் வேலையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உயர்நிலைப் பள்ளியில் ஒருவர் போனால் மற்றவர்கள் வகுப்பைப் பங்குபோட்டுக்கொள்ளலாம், சில இடங்களில் எழுத்தரும் இருப்பார். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனால் பள்ளியில் பாதி போய்விட்டது. எழுத்தரும் நீங்கள்தான், காவலாளியும் நீங்கள்தான், குழாய் உடைந்தால் பிளம்பரைத் தேடிப் போவதும் நீங்கள்தான். ஒரே சுற்றறிக்கைதான் இரண்டு இடத்துக்கும் வரும், அது ஏற்றும் சுமை ஒன்றில்லை.

சம்பளம். ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பின் தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. அகவிலைப்படி இதன் மேல் விழுக்காட்டில் வருவதால் இடைவெளி இன்னும் விரியும். பட்டதாரிக்கும் முதுகலைக்கும் 500 ரூபாய் வித்தியாசம், இடைநிலைக்கும் பட்டதாரிக்கும் 15,800. இரண்டு வேலையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த 15,800-க்கு வேலையில் நியாயம் எதுவும் கிடையாது. ஒருவருக்குப் பட்டம் இருக்கிறது என்பதற்காகக் கொடுக்கிறார்கள், இன்னொருவருக்கும் பெரும்பாலும் அது இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. இதற்குள்ளேயே இன்னொரு காயம்: 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு, அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவரைவிட அடிப்படை ஊதியம் குறைவு. அன்றைய கணக்கில் 8,370-க்குப் பதில் 5,200. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரு நாள் வித்தியாசம். "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று விடுமுறை தோறும் சென்னையில் உட்காருகிறார்களே, அவர்கள் கேட்பது இதைத்தான். நான் முன்னால் சேர்ந்தவள், தப்பித்தேன். என்னோடு வேலை பார்த்த பெண் தப்பிக்கவில்லை. சம்பளத் தேதியில் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "கீழே என்னதான் சொல்லிக்கொடுத்து அனுப்புறாங்களோ." நானும் நடுநிலைப் பள்ளிக்குப் போன முதல் வருடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஏனென்றால் அந்தக் "கீழே" நான்தான். ஆறாம் வகுப்புக்கு வந்திருந்த ஒருவன், என் பழைய பள்ளிப் பிள்ளை, வகுத்தல் தெரியாமல் முழித்தான். அவன் ஐந்தாவது படித்த வருடம் தலைமை ஆசிரியர் பணியிடம் காலி, நான் ஒருத்தியாகவே ஐந்து வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் ஆசிரியர் அறையில் சொன்னேன். யாரும் பதில் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து என் முன்னால் மட்டும் அந்த வாக்கியம் வருவதில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் இரண்டு கதவும் திறந்திருக்கின்றன, அது எல்லோருக்கும் வாய்க்காது. பி.எட். மட்டும் முடித்தவர்கள் தொடக்க வகுப்புக்கு வர முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகுதித் தேர்வில் தேறியிருப்பதும் சின்ன விஷயம் இல்லை. ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தீர்ப்பு வந்ததிலிருந்து, இருபது வருடம் பாடம் எடுத்தவர்கள் மறுபடியும் கைடு வாங்கிப் படிக்கிறார்கள். எங்கள் பள்ளியிலேயே மதியம் நோட்டுத் திருத்துகிறவர்களின் மேசையில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் புத்தகம் கிடக்கிறது.

காத்திருக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். தகுதித் தேர்வுக்கு மேல் நியமனத் தேர்வும் இருக்கிறது, பட்டதாரிப் பணியிடம் எப்போது வரும் என்று ஜாதகம் பார்த்தால்தான் உண்டு. இடைநிலை முதலில் வந்தால் சேர்ந்துவிடுங்கள். ஆனால் "சுலபம்" என்று நினைத்துக்கொண்டு சேராதீர்கள். சத்தம் உங்களுக்குத் தலைவலி தருமா, ஒரே கதையைப் பதினேழாவது தடவை முதல் தடவை போலச் சொல்ல முடியுமா, மூக்கு சிந்திவிடக் கை கூசுமா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். ஒரு பாடத்தின் மேல் உங்களுக்கு வெறி இருந்து, அதை ஆழமாகப் பேச ஆள் இல்லையென்றால் வாடிப்போவீர்கள் என்றால், தொடக்கப் பள்ளி ஐந்தாவது வருடத்தில் மூச்சு முட்டும். எனக்கு முட்டியது. அதனால்தான் பதவி உயர்வுக்கு விருப்பம் கொடுத்தேன். வந்த பிறகு குச்சிக் கட்டை நினைத்து ஏங்கியதும் நான்தான்.

கலந்தாய்வில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயம் செய்வார்கள். விளிம்பில் இருக்கிற பள்ளி என்றால் சேர்ந்த வருடமே உபரி என்று பணி நிரவலில் வேறு ஒன்றியத்துக்குத் தூக்கி அடிப்பார்கள். இன்னொரு ஆசிரியர் யார், அவருக்கு ஓய்வுபெற எத்தனை வருடம் என்று விசாரியுங்கள். கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள். அப்புறம் ஒரு ரப்பர் பேண்டு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குச்சியைப் பிள்ளைகளே கொண்டுவந்துவிடுவார்கள்.